பெயர் கேட்காத சந்நிதியான்

“பிள்ளை இங்கே இருக்கலாம். தாய்தான் திரும்பிப் போகவேண்டும்.”

யாழ்ப்பாணப் பட்டினத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அதிகாரி இப்படிச் சொன்னபோது என் மகள் என் மடியில் நித்திரை. அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. என் சேலைத் தலைப்பைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அழக்கூட வரவில்லை. “சந்நிதியானே” என்று மனசுக்குள் ஒருமுறை கூப்பிட்டேன். அதற்கு அவன் தந்த பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொண்டைமானாற்று முருகனை நம்பி வருகிற எல்லாருக்கும் முதலில் என் கும்பிடு.

நான் பிறந்தது அக்கரையில், வேதாரண்யத்தில். வாழ்க்கைப்பட்டது இக்கரையில், தொண்டைமானாற்றில். மாமாவின் பாய்த்தோணி, வத்தை என்பார்கள், புகையிலையும் பனங்கட்டியும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வரும். கூரை ஓடும் நெல்லும் ஏற்றிக்கொண்டு திரும்பும். என் அப்பாவும் மாமாவும் வியாபாரத்தில் சிநேகிதராகி, பிறகு சம்பந்திகளானார்கள். காற்று நன்றாக இருந்தால் காலையில் பாய் விரித்து மாலைக்குள் போய்விடலாம். உள்ளூரில் பெண் கொடுத்தது போலத்தான் அப்பா நினைத்தார். இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு கோடு விழும் என்று அப்போது யார் கண்டார்கள்?

எங்கள் ஊர்க் கோயிலில் தாலி கட்டினார்கள். ஊரே சாப்பிட்டது. ஆனால் கல்யாணத்தை எழுத்தில் பதிய மட்டும் மறந்துபோனார்கள். இந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள் என்று அப்பா இருந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் எழுதியாயிற்று என்று மாமா இருந்துவிட்டார். இரண்டு பேரும் பெரிய கெட்டிக்காரர்கள். தேங்காய் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிப்பார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? இலங்கைக்குச் சுதந்திரம் வந்த பிறகு, நான் வயிற்றுப்பிள்ளையோடு வத்தையில் ஏறி வேதாரண்யம் போனேன். மகள் பிறந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் அம்மாவின் பத்தியச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே சட்டம் வந்தது. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் இனிமேல் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரவேண்டுமாம். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காற்றுத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல என்னையும் பிள்ளையையும் ஏற்றினார், வழக்கம்போல இங்கே கொண்டுவந்து கரையில் இறக்கினார். கடல்தண்ணீர் காயாத காலோடு நான் நேரே சந்நிதிக்குப் போய்ப் பிள்ளையைக் கிடத்திக் கும்பிட்டேன்.

அடுத்த கிழமை விதானையார் வந்தார். நல்ல மனிதர். ஊருக்குப் பொறுப்பானவர் என்பதால் சொல்லாமலும் இருக்க முடியாது. முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை இந்தியாக்காரி எல்லோ. கந்தோரிலை போய்ச் சொல்லவேணும். இல்லாட்டில் பிறகு பொலிஸ் வரும்” என்றார்.

அன்றைக்குத்தான் நான் இந்தியாக்காரி என்று எனக்கே தெரிந்தது. அதுவரை நான் வேதாரண்யத்துக்காரி, அவ்வளவுதான்.

செய்தி வேலிக்கு வேலி தாண்டிப் போயிற்று. கிணற்றடியில் ஒருத்தி என் காதில் விழும்படி “கள்ளத்தோணி” என்றாள். அனுமதியில்லாமல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு வைத்த அந்தச் சொல் அப்போது புதிது. என் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் விழுந்தது. மாமி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தா. எங்கள் மாமியைத் தெரிந்தவர்களுக்கு அந்த அகப்பையையும் தெரியும்.

“ஆரடி கள்ளத்தோணி? தோணி எங்கடை. ஓட்டினவன் என்ரை மகன். உனக்கு முருக்கங்காய் வேணுமெண்டால் வேலிக்குள்ளாலை கை விடுற நீ, என்ரை மருமகளைக் கள்ளம் எண்டு சொல்லுறியோ?”

கிணற்றடி காலியாயிற்று. மாமி எனக்காக இப்படிச் சண்டை பிடித்தது அதுதான் முதல் தரம். அதற்கு முன்னர் என் சாம்பாரோடு மட்டுந்தான் சண்டை.

பிறகு நாங்கள் பட்டினத்துக்குக் கந்தோருக்குப் போனோம். அக்கரையிலிருந்து யாரோ பெண்களை மனைவி என்று சொல்லி ஆட்கள் அழைத்துவருகிறார்களாம். அதனால் புருசனையும் பெண்சாதியையும் தனித்தனியாக விசாரித்தார்கள். முதலில் என் வீட்டுக்காரர் உள்ளே போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு நான். அதிகாரி தமிழர்தான், ஆனால் கொழும்பில் வளர்ந்தவர். கண்ணாடி போட்டிருந்தார். முதல் கேள்வியே இதுதான்.

“உங்கள் கணவரின் பெயர் என்ன?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“பெயர்?”

“பிள்ளையோட அப்பாங்க” என்றேன்.

“அது சரி. பெயர் என்ன?”

சிரிக்காதீர்கள். கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதுவும் நான் கட்டினது கடலில் போகிற மனிதனை. தரையில் நடக்கிறவனுக்கு ஆயுசில் கொஞ்சம் குறைந்தால் சமாளித்துக்கொள்வான். கடலில் போகிறவனுக்கு? எங்கள் தெருவில் அந்தப் பெயர் உள்ள உப்பு வியாபாரி ஒருவர் இருந்தார். அவரைக்கூட நான் “அந்தப் பெயர்க்காரர்” என்றுதான் சொல்வேன். பிள்ளையைத் தாலாட்டுகிற பாட்டில் அந்தப் பெயர் வந்தால் ஊம் என்று இழுத்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

அதிகாரி மூன்றாந்தரமும் கேட்டார். என் வாய் திறக்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கல்யாணம் பதியவில்லை. புருசன் பெயரும் தெரியவில்லை. அவர் வேறு என்ன நினைப்பார்? அப்போதுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். தகப்பன் இந்த ஊர்க்காரர் என்பதால் பிள்ளை இருக்கலாம், தாய் போகவேண்டும். மனதை மாற்றிக்கொண்டு வேறு ஏதாவது சொல்வதாக இருந்தால், ஆவணியில் இன்னொருமுறை வரலாம். அதுதான் கடைசி.

வெளியே வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே அப்பா! நீர் சொன்னாப்போலை நான் செத்தே போவன்?”

“வாயை மூடுங்க” என்றேன். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்கவும் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

எங்களுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. நான் பிள்ளையோடு அக்கரைக்குப் போய், அங்கிருந்து முறைப்படி அனுமதி கேட்டுக் காத்திருக்கலாம். எத்தனை காலம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இல்லாவிட்டால் அவர் இலங்கையை விட்டு வேதாரண்யம் வந்து, இந்தியாக்காரராகவே இருந்துவிடலாம். அப்பா ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார், “மாப்பிள்ளை வரட்டும், உப்பளத்தில் பங்கு தருகிறேன்” என்று. மூன்றாவது வழி, நான் இங்கேயே இருக்கக் கேட்பது. அதற்கு நான் வாய் திறக்கவேண்டும்.

அவர் வருவதற்குத் தயார்தான். “இஞ்சேரும், எங்கை இருந்தாலும் கடல் ஒண்டுதானே. நான் அங்கை வாறன்” என்று லேசாகச் சொன்னார். ஆனால் அவர் மாமாவுக்கும் மாமிக்கும் ஒரே பிள்ளை. அன்று மாலை மாமி ஒரு பெட்டிக்குள் பனங்கட்டி, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், மகனின் சால்வை எல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தா. நான் வருவதைக் கண்டதும் “எலி கடிக்குது, அதுதான் எடுத்து வைக்கிறன்” என்று சொன்னா. முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவருடைய ஊரையும் வத்தையையும் இந்த இரண்டு பேரையும் பிடுங்கி எடுத்து என்னோடு கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. நான் இங்கேயே இருக்கவேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

மாமி பயிற்சி தொடங்கினா. தினமும் காலையில் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய் நிறுத்துவா.

“நான் வச்ச பேர்தான் பிள்ளை. நான் சொல்லுறன், பின்னாலை சொல்லு.”

சொல்லுவா. முதல் எழுத்து எனக்கு வரும். இரண்டாம் எழுத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“மாடு மேய்க்கிற பெடியன் எல்லாம் சொல்லுறான், உனக்கு மட்டும் என்ன நோ? ஒரு பேரைச் சொல்ல வக்கில்லாமல் நீ என்னெண்டு குடும்பம் நடத்தப்போறாய்?”

திட்டினா, கெஞ்சினா, ஒருநாள் பாயாசம் காய்ச்சித் தந்தா. பாயாசம் உள்ளே போயிற்று; பெயர் வெளியே வரவில்லை.

ஆவணி பிறந்தது. சந்நிதியில் கொடியேறித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நடை நாகப்பட்டினம் போய்விட்டு, விசாரணைக்கு முதல்நாள் வந்துவிடுவேன் என்று போனார். முதல்நாள் வந்தது, வத்தை வரவில்லை. சோழகக் காற்று பலமாக வீசியது. மாமா கடற்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். “உந்தக் காற்றுக்கு அவன் அங்கையே நங்கூரம் போட்டிருப்பான்” என்றார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிலிருந்தே அவர் பயப்படுகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

விசாரணை நாள் விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்நிதிக்குப் போனேன். அங்கே எப்படிப் பூசை நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார். மந்திரம் கிடையாது. எல்லாம் மௌனந்தான். இதை நான் முதலில் கண்டபோது என்ன கோயில் இது என்று நினைத்தேன். மற்றக் கோயில்களில் அர்ச்சனைக்குப் போனால் ஐயர் “பெயர், நட்சத்திரம்?” என்று கேட்பார், நான் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பிடித்துச் சொல்லச் சொல்லவேண்டும். இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சும்மா நின்றால் போதும்.

அன்றைக்குச் சும்மா நின்றேன். ஆனால் மனம் சும்மா நிற்கவில்லை. “முருகா, நீயே கேட்காத பெயரைக் கந்தோரில் கேட்கிறார்களே. நான் இங்கே இருக்கவும் வேண்டும், அவருக்கு ஒன்றும் நடக்கவும் கூடாது. எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் தருவாய் என்றால், அவர் நல்லபடி கரைக்கு வரட்டும். நான் போகிறேன். பிள்ளையை உனக்கே விற்றுவிடுகிறேன், நீ பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, வேலின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழும்பியபோது எனக்குப் பயம் போயிருந்தது. ஏன் என்று தெரியாது. அழுது முடித்த பிள்ளை மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

மாமா, மாமி, விதானையார், நான், பிள்ளை எல்லாருமாக வஸ்ஸில் ஏறிப் பட்டினம் போனோம். வழி முழுக்க மாமி என் காதுக்குள் மகனின் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தா. முன்னால் இருந்தவர், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்களாக்கும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமா கந்தோர் விறாந்தையில் வெற்றிலையோடு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் உள்ளே போனோம்.

அதே அதிகாரி, அதே கண்ணாடி. “இன்றைக்காவது சொல்வீர்களா?” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“சொல்ல மாட்டேங்க. அவர் கடல்ல இருக்கார். இன்னும் கரைக்கு வரல. என்னைத் திருப்பி அனுப்புறதுன்னா அனுப்புங்க. பேரை மட்டும் கேக்காதீங்க.”

விதானையார் கண்ணை மூடிக்கொண்டார். மாமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. எழும்பி முன்னால் வந்தா.

“ஐயா, உவள் ஒரு விசரி! நான் சொல்லுறன், எழுதுங்கோ. நான் பெத்த பிள்ளை, நான் வச்ச பேர்” என்று மகனின் பெயரைக் கணீரென்று சொன்னா. “உவள் அவன்ரை பெண்சாதிதான். சந்நிதியான் அறிய உண்மை.”

“நல்லது. நீங்கள் சாட்சி சொல்வதாக இருந்தால் உங்கள் விபரமும் எழுதவேண்டும்” என்று அதிகாரி பேனாவை எடுத்தார். மாமி தன் பெயரைச் சொன்னா. ஊரைச் சொன்னா.

“உங்கள் கணவரின் பெயர்?”

மாமி வாயைத் திறந்தா. அப்படியே நின்றா. சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு மெல்ல நிலத்தைப் பார்த்தா.

நான் மாமியைப் பார்த்தேன். ஒரு மாதமாக என்னைப் போட்டு வாட்டிய அதே மாமிதான்!

“அம்மா, கணவரின் பெயர்?” என்றார் அதிகாரி மறுபடியும்.

“அவர்... வெளியிலை விறாந்தையிலை இருக்கிறார், ஐயா. போய்க் கேளுங்கோ.”

விதானையாருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். அதிகாரி அவரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமிக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டன. தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னா:

“சிரியுங்கோ, சிரியுங்கோ! கள்ளமாய்க் கொண்டுவந்த பொம்பிளையெண்டால் கேட்ட உடனை பேரைச் சொல்லியிருப்பாள். ஆரின்ரையோ பேர், அவளுக்கென்ன? இவள் சொல்லாமல் நிக்கிறாளெண்டால் கட்டினவள், ஐயா. என்னைப்போலை கட்டினவள்!”

இவ்வளவு காலமும் மாமி எனக்கு இதைச் சொல்லித் தரவேயில்லை. அந்த நேரத்தில்தான் அவவுக்கே தெரிந்திருக்கவேண்டும். வாயில் வைத்துக் கொடுத்தவன் யார் என்று நான் சொல்லவேண்டுமா?

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ரை மனுசி என்னை வீடு முழுக்கப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா” என்றார் மெதுவாக. அதுவரை எங்களோடு புத்தகம்போலப் பேசியவர். “ஆனால் அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதேயில்லை. இப்பதான் யோசிக்கிறன்.”

பிறகு அவர் விறாந்தைக்குத் தானே எழும்பிப் போய் மாமாவிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மாமாவும் விதானையாரும் கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னார்கள். நான் இங்கேயே இருக்கலாம். ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தால் இலங்கைப் பிரஜையாகப் பதியலாம் என்றார். கல்யாணத்தையும் கெதியாகப் பதியுங்கள் என்று மாமாவுக்கு ஒரு சின்ன ஏச்சும் விழுந்தது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகள் அப்போதுதான் விழித்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வந்து தொண்டைமானாற்றில் இறங்கினோம். சந்நிதிப் பக்கமாகப் பார்த்தால், பூவரசுக்குக் கீழே ஈரச் சாரத்தோடு ஒரு மனிதர் நிற்கிறார். முகமெல்லாம் உப்பு. காற்றுத் தணியும்வரை கோடியக்கரை ஓரமாக ஒதுங்கி நின்றார்களாம். மத்தியானம்தான் வந்து சேர்ந்திருக்கிறார். மாமி ஓடிப் போய் அவர் முதுகில் ஒரு அடி போட்டா. பிறகு கட்டிப்பிடித்து அழுதா. எனக்கு அதுவும் முடியாதே, ஊர் பார்க்கிறது. நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.

“பேரைச் சொன்னீரோ?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்ப என்ன, போகச் சொல்லிப்போட்டினமோ?”

“இல்ல. இருக்கச் சொல்லிட்டாங்க.”

“என்னெண்டு?”

“மாமியும் சொல்லல” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை. அவர் ஒன்றும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டில் ஒன்று போதும் என்றுதான் நான் கடைசியில் கேட்டேன். அவன் இரண்டையும் தந்தான். நான் அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

அந்தத் திருவிழாவிலேயே நேர்த்தியைச் செலுத்தினோம். வழக்கப்படி பிள்ளையைச் சந்நிதியானுக்கு விற்று, மாமி அரிசி கொடுத்துத் திரும்ப வாங்கினா. அன்று அன்னதான மடத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? கிணற்றடியில் என்னைக் கள்ளத்தோணி என்றவள். எனக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

வருஷம் முடியப் போய் இலங்கைப் பிரஜையாகப் பதிந்தேன். எல்லாம் இனிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் போவதற்கும் அனுமதி கேட்கவேண்டி வந்தது. அம்மா வீட்டுக்குப் போக யாரிடம் கேட்பது, ஏன் கேட்பது என்று முதல்தரம் மனுப் போட்ட அன்றிரவு அழுதேன். ஆனாலும் போகிற ஒவ்வொரு தரமும் சந்நிதியில் விபூதி வாங்கிக்கொண்டு போவேன். வேதாரண்யத்திலிருந்து வரும்போது அங்கத்தைய கோயில் விபூதி கொண்டுவருவேன். இரண்டையும் ஒரே குடுவையில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று முருகனிடம் நீட்டி முழக்கிச் சொல்வேன். இப்போது போய்ச் சும்மா நிற்கிறேன். உங்களுக்கும் சொல்ல வாய் வராத குறை ஏதாவது இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாததாக இருக்கும். சொல்லத் தெரியாததாகவும் இருக்கும். வாருங்கள். சந்நிதியான் முன்னால் ஒருதரம் பேசாமல் நின்று பாருங்கள்.

இதை எழுதி முடித்ததும் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். கந்தோரில் என் மடியில் தூங்கியவள், இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். படித்துவிட்டு, “அம்மா, எல்லாம் எழுதியிருக்கிறீங்கள், அப்பாவின்ரை பேரை எங்கையும் காணேல்லையே?” என்று கேட்டாள்.

அவர் இந்த நேரம் முற்றத்தில் இருந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார். தலை முழுக்க நரை. தேத்தண்ணி எங்கே என்று இரண்டுதரம் கேட்டுவிட்டார். நூறு வயசுக்கு இருப்பார்.